பரிசல் துறையில் ஒரு புதையல் வேட்டை: நீர்வழியே, குறைந்த செலவில்

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு, குறிப்பாகக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையாக அமெரிக்கா, ஐரோப்பா போய் வந்தவர்களுக்கு இது தெரியும். பெரியவர்களுக்குத் தெரியாது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு சிறு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவார். ஜி.பி.எஸ். கருவியையோ கைப்பேசியையோ கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் தேடிப் போவார்கள். டப்பாவுக்குள் ஒரு சிறு நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். உள்ளே பொம்மை, சாவிக்கொத்து என்று ஏதாவது சாமான் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சமமான, அல்லது அதைவிட மதிப்புள்ள ஒன்றை வைத்துவிட்டு வரவேண்டும். வியாபாரியாகிய எனக்கு இந்த ஒரு விதியே விளையாட்டின் மேல் மரியாதை வரப் போதுமானதாக இருந்தது.

இது தொடங்கியது 2000-ஆம் ஆண்டு மே மாதம். அதுவரை அமெரிக்க அரசு, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். அலைகளில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை இடம் தப்பிக் காட்டும். மே 2-ஆம் தேதி அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே, மே 3-ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்து அதன் இடக்குறியை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்தது இன்று உலகம் முழுவதும் முப்பது லட்சம் டப்பாக்களுக்கு மேல் வந்துவிட்டது. 2008-இல் ஒருவர் விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்தார் என்றால் பாருங்களேன். ஆனால் யோசனை புதிதல்ல. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற சதுப்பு மேட்டு நிலத்தில், 1854-இல் ஜேம்ஸ் பெராட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்ற எட்டாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்து, வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். செயற்கைக்கோள் ஒன்றுதான் புதுசு.

ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு மதிப்பெண் போடுவார்கள். ஒன்று, கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம் என்பது. மற்றது, நிலம் எவ்வளவு கஷ்டம் என்பது. நிலத்துக்கு ஐந்து என்று போட்டிருந்தால், தனிச்சாதனம் இல்லாமல் போக முடியாது என்று பொருள். மலையேறும் கயிறு, மூச்சுக்கருவி, அல்லது படகு. இந்தக் கட்டுரை அந்தப் படகைப் பற்றியது.

ஆற்றின் நடுவே உள்ள மண்திட்டுக்கும் பாறைத்திட்டுக்கும் நம் முன்னோர் வைத்த பெயர் ஆற்றிடைக்குறை. அரங்கம் என்பதும் அதுவே. காவிரி ஒன்றிலேயே ஸ்ரீரங்கப்பட்டணம், சிவனசமுத்திரம், திருவரங்கம் என்று மூன்று அரங்கங்களில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பெரியவை அவை. பெயரில்லாத சிறு திட்டுகளுக்குக் கணக்கே இல்லை. ஒளித்து வைக்க இதைவிட நல்ல இடம் ஏது? அங்கே போவதற்குத்தான் நம் பிள்ளைகள் தவறான வழியில் பணம் செலவழிக்கிறார்கள், அல்லது அதைவிடத் தவறான வழியில் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள்.

தவறான செலவு என்பது கயாக் என்னும் நீளப்படகை வாங்குவது. வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. அங்கே ஆறு ஆழம், கரை ஒழுங்கு, காரின் தலையில் கட்டிக்கொண்டு போவார்கள். நம் காவிரியோ மாண்டியாவிலிருந்து தருமபுரி வரை பாறை, மணல், மடு, மறுபடி பாறை என்று போகிற ஆறு. வருஷத்தில் நாலு நாள் ஓட்ட ஒரு படகை வாங்கி, பெங்களூர் அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது? தவறான சிக்கனம் என்பது லாரி டியூப். வாழைமரத் தெப்பம், காலி டிரம் நாலைச் சேர்த்துக் கட்டுவது, இதெல்லாம் அதே வகை. கிராமத்துக் குளத்தில் நீந்தத் தெரிந்தவன் செய்ததை, நீச்சல் தெரியாத நகரத்துப் பிள்ளை ஓடும் ஆற்றில் செய்யக்கூடாது. டியூபில் துடுப்புக்குப் பிடிமானம் கிடையாது. பாறை முனை பட்டால் காற்று போய்விடும். நான் சிக்பேட்டையில் தார்ப்பாலின், பிளாஸ்டிக் ஷீட் வியாபாரம் செய்கிறவன். 'ஐயா, டியூபுக்கு அடியில் கட்ட ஒரு ஷீட் கொடுங்க' என்று கல்லூரிப் பையன்கள் வந்தால், ஷீட்டைக் கொடுப்பதற்கு முன்னால் எந்த ஆற்றுக்கு என்று கேட்டுவிடுவேன். ஆற்றுப் பெயரைச் சொன்னால் ஷீட் கிடையாது.

இந்த இரண்டுக்கும் நடுவில், எந்தச் செலவும் இல்லாமல் நமக்காகக் கட்டி வைத்திருக்கும் படகு பரிசல். வாடகை மட்டும் கொடுத்தால் போதும். அதை ஓட்டத் தெரிந்த ஆளும் அதே வாடகைக்குள் வருகிறார்.

பரிசலின் வரலாறு

பரிசலைக் கன்னடத்தில் ஹரிகோலு என்பார்கள். தமிழில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருவது பெங்களூரில் நாலு வருஷம் இருந்தவர்களுக்கே தெரியும். பால் ஹாலு, பள்ளி ஹள்ளி, புலி ஹுலி. நம் புகை அவர்களுக்கு ஹொகெ. அதனால்தான் புகை எழும் கல் என்ற பொருளில் ஒகேனக்கல் என்ற பெயரே வந்தது. பரிசலும் ஹரிகோலும் ஒரு வேர் என்பது என் எண்ணம். ஆற்றின் இரு கரைக்கும் ஓடுகிற படகுக்கு இரண்டு மொழியிலும் ஒரே பெயர் இருப்பதில் ஆச்சரியமும் இல்லை.

விஜயநகரத்துக்கு 1520-ஐ ஒட்டி வந்த போர்ச்சுக்கீசியர் டோமிங்கோ பாயஸ், ஆனெகுந்தி அருகே துங்கபத்திரையைக் கடக்கும் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கூடை மாதிரி வட்டம், உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், குதிரையும் மாடும்கூட ஏறும், ஆனால் நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும் என்கிறார். 500 வருஷம் கழித்து இன்றைக்கும் பரிசலில் ஏறுகிறவர்கள் முதலில் கவனிப்பது அந்தச் சுற்றலைத்தான். பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு என்று பெயர்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1803 மராட்டியப் போரில் ஆறுகளைக் கடக்க இந்தக் கூடைப் படகுகளைத்தான் கட்டச் சொன்னார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தவர் ஆயிற்றே, பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1933-இல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

வெளியுலகத்தில் பார்த்தால் இராக் நாட்டில் இதன் பெயர் குஃபா. தார் போன்ற நிலக்கீல் பூசியது. வேல்ஸ் நாட்டில் டெய்ஃபி, டவி ஆறுகளில் ஒரே ஆள் உட்காரும் சிறு பரிசல் உண்டு. பாபிலோனியக் களிமண் ஏடு ஒன்றில், பிரளயத்தின்போது கட்டிய பேழையே வட்டப் பரிசல்தான் என்று இருப்பதை, பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த இர்விங் ஃபிங்கெல் 2014-இல் புத்தகமாக வெளியிட்டார். அதன்படி ஒரு மாதிரிப் பேழையைக் கட்டிப் பார்த்தார்கள். எங்கே தெரியுமா? நம் பக்கத்துக் கேரளத்தில்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஹெரடோட்டஸ் சொல்வது. கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஐந்நூறு ஆண்டுக்கு முன் எழுதிய கிரேக்கர் அவர். யூப்ரட்டீஸ் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வியாபாரிகள் தோல் பரிசலில் சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு பாபிலோனுக்கு வருவார்களாம். சரக்கை விற்றபின், பரிசலின் சட்டத்தையும் உள்ளே பரப்பிய வைக்கோலையும் அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதை மேல் போட்டுக்கொண்டு நடந்து ஊர் திரும்புவார்கள். ஏனென்றால் வேகமான ஆற்றில் எதிர்த்து ஓட்ட முடியாது. இறக்கத்துக்கு ஆறு, ஏற்றத்துக்குக் கால். பரிசல் பயணத்தின் செலவுக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. ஒகேனக்கல்லில் இன்றைக்கும் இதே கதைதான். கழுதைக்குப் பதில் பரிசல்காரரே பரிசலைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு பாறை வழியே மேலே ஏறுவார்.

கட்டுமானம் எளிமையானது. மூங்கிலைப் பிளந்து சிம்புகளாக்கி, கூடை முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக முடைந்து, ஓரத்தைத் தடித்த வளையமாகக் கட்டுவார்கள். சாதாரணமாக விட்டம் ஆறு அடி; பெரியது பதின்மூன்று அடி வரை போகும். முன்பு அடியில் மாட்டுத் தோலைப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டையோ சாக்கையோ போர்த்தித் தாரை உருக்கிப் பூசுகிறார்கள். சில இடங்களில் முழுவதுமே ஃபைபரில் வந்துவிட்டது. தோல் போய் பிளாஸ்டிக் வந்ததைப் பற்றிப் பழமை விரும்பிகள் வருத்தப்படுவார்கள். நான் சமணன், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தமே கிடையாது. (ஷீட் வியாபாரி என்பதாலும் இருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.)

ஏன் இந்த வட்டம் நம் ஆற்றுக்குப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எட்டடி விட்டமுள்ள பரிசலின் பரப்பு சுமார் 50 சதுர அடி. ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ. அப்படியானால் 300 லிட்டர் தண்ணீரை அது விலக்க வேண்டும். அது பத்தரைக் கனஅடி. பத்தரையை ஐம்பதால் வகுத்தால் இரண்டரை அங்குலம். அடிப்பாகம் விளிம்பைவிடச் சிறியது, பரிசலின் சொந்த எடையும் உண்டு. எல்லாம் சேர்த்து நாலைந்து அங்குலம் என்று வையுங்கள். அவ்வளவு ஆழத் தண்ணீர் இருந்தால் ஐந்து பேர் பாறைக்கு மேல் வழுக்கிக்கொண்டு போய்விடலாம். மூங்கில் வளைந்து கொடுப்பதால் கல் பட்டாலும் உடையாது. அடிக்கட்டை இல்லாததால் எந்தத் திசையிலும் திரும்பும். ஓட்டுகிறவர் முன்பக்கம் உட்கார்ந்து துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பார். பரிசல் தண்ணீரை நோக்கிப் போகும்.

அதன் பலவீனமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. பாரம் சமமாகப் பரவியிருக்கும் வரை அது அசையாது. போட்டோ எடுக்கிறேன் என்று ஐந்து பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால், ஓரம் ஒரு சாண் இறங்கித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆகவே தரையோடு தரையாக, வட்டமாக, முதுகை விளிம்பில் சாய்த்து உட்கார வேண்டும். எழுந்து நிற்கக்கூடாது. டப்பா கண்ணில் பட்டதும் துள்ளுகிற பிள்ளைகளுக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

எங்கே போவது

பெங்களூரிலிருந்து மிக அருகே கனகபுரா வழியாகப் போகும் சங்கமம். அர்க்காவதி காவிரியோடு கலக்கும் இடம். நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். இங்கே பரிசலில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் நாலு கிலோமீட்டர் தூரம் ஒரு பழைய பஸ்ஸில் போனால் மேகதாட்டு. அணை வழக்கில் அடிபடும் அதே மேகதாட்டுதான். முதல் தடவை பரிசல் ஏறுகிறவர்களுக்குச் சங்கமத் துறை நல்ல பயிற்சி. மேகதாட்டில் மட்டும் தண்ணீர் பக்கமே போகவேண்டாம். ஆறு ஒடுங்கிப் பாறை இடுக்கில் பாய்கிற இடம். வழுக்கி விழுந்தவர்கள் பலர்.

தலக்காடு சுமார் 130 கிலோமீட்டர். கங்க மன்னர்களின் தலைநகரம். சோழர் பிடித்தபின் ராஜராஜபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழரை வென்று 1117-ஐ ஒட்டி அங்கே கீர்த்திநாராயணர் கோயிலைக் கட்டினான். கோயில்கள் மணலுக்குள் புதைந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அருகே காவிரி பரந்து, ஆழமில்லாமல், மணல்திட்டுகளோடு ஓடுவதால் குடும்பத்தோடு பரிசலில் போக இதைவிட அமைதியான துறை எனக்குத் தெரியவில்லை. ஹம்பியிலும் துங்கபத்திரையில் பரிசல் உண்டு. பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் ஹொசபேட்டைக்குப் போய்விடலாம் என்பதால் தங்கும் செலவு ஒரு ராத்திரி மிச்சம்.

ஒகேனக்கல் வேறு ரகம். கிருஷ்ணகிரி, தருமபுரி, பெண்ணாகரம் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர். இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர், நடுவே பரிசல். இந்த வட்டாரத்துக் கார்பனடைட் என்ற பாறை சுமார் 240 கோடி ஆண்டு வயதுடையது என்கிறார்கள். அக்கரை கர்நாடகம், இக்கரை தமிழ்நாடு. இரண்டு கரையிலும் பரிசல்காரர்கள் இரண்டு மொழியும் பேசுகிறார்கள்.

செலவுக்கு வருகிறேன். கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் சக்தித் திட்டத்தில், இந்த மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் மாநிலத்துக்குள் கட்டணம் கிடையாது. இங்கத்து முகவரியுள்ள அடையாள அட்டை போதும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாநில எல்லையைத் தாண்டும் பஸ்ஸுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அதனால் குடும்பமாகப் போனால் தலக்காட்டுக்கும் கனகபுராவுக்கும் ஆகும் பஸ் செலவு பாதியாகிவிடும். பரிசல் கட்டணம் ஆளுக்கு அல்ல, பரிசலுக்கு என்று இருக்கும் துறைகளில், அனுமதித்த எண்ணிக்கை நிறையும்படி சேர்ந்து போவதுதான் சிக்கனம். நாலு பேர் ஏறலாம் என்றால் மூன்று பேர் போய்க் காலியிடத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். அதே சமயம் ஐந்தாவது ஆளை மடியில் உட்காரவைத்துக்கொள்கிறேன் என்றும் கேட்காதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். துறையில் எழுதி மாட்டியிருக்கும் கட்டணம் வழக்கமான சுற்றுக்கு மட்டும். டப்பா தேடுகிறவர்கள் ஒரு திட்டில் இறங்கி அரைமணி, முக்கால்மணி நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அவர் வேறு சவாரி போயிருப்பார். காத்திருப்புக்கு எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நடு ஆற்றில் பேரம் பேசினால் இரண்டு பேருக்கும் முகம் கெட்டுப்போகும்.

தண்ணீரைப் படிப்பது

நான் எந்தச் செலவையும் குறைக்கச் சொல்வேன், இரண்டைத் தவிர. ஒன்று உயிர்ச்சட்டை. துறையில் கொடுப்பதை வாங்கி, பக்கவாட்டு வார்களை இறுக்கி, கொக்கி எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளவேண்டும். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை வருகிறது என்றால் அது உங்கள் அளவு இல்லை; வேறு கேளுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவு இல்லையென்றால் குழந்தை கரையில் இருக்கட்டும்.

மற்றது, காத்திருக்கும் பொறுமை. காவிரியில் தண்ணீர் பெங்களூர் மழையைப் பார்த்து வராது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்தால், கிருஷ்ணராஜசாகரிலிருந்தும் கபினியிலிருந்தும் திறந்துவிடும் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் பிலிகுண்டுலுவுக்கு வரும். இங்கே வானம் நீலமாக இருக்கும், அங்கே ஆறு ரெண்டு ஆள் உயரம் ஏறியிருக்கும். பிலிகுண்டுலு என்ற பெயரைப் பத்திரிகையில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன தண்ணீரை அளக்கும் இடம் அதுதான். மத்திய நீர்வள ஆணையம் அங்கே அளக்கும் வரத்தைத்தான் தினமும் செய்தியில் வினாடிக்கு இத்தனை கனஅடி என்று போடுகிறார்கள். நாம் அதைச் சண்டைக்கணக்காகவே படித்துப் பழகிவிட்டோம். பரிசல் ஏறுகிறவனுக்கு அது உயிர்க்கணக்கு. ஒரு கனஅடி சுமார் 28.3 லிட்டர். 10,000 கனஅடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 2,83,000 லிட்டர் தண்ணீர் உங்களைக் கடந்து போகிறது என்று அர்த்தம். வரத்து கூடினால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடும். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள் செய்தியையும் பாருங்கள். ஒரு நாள் எண் போதாது. 8,000, 12,000, 18,000 என்று ஏறிக்கொண்டே போனால், தடை வராவிட்டாலும் பஸ் டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஒகேனக்கல்லில் ஒரு பரிசல்காரப் பெரியவர் எனக்குச் சொன்னது: "ஐயா, தண்ணி நெறம் மாறி, சருகும் குச்சியும் மெதந்து வர ஆரம்பிச்சுதுன்னா மேல எங்கியோ தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். அப்ப எங்கப்பனே வந்து கூப்பிட்டாலும் நான் எறங்கமாட்டேன்." இதை எந்தக் கருவியும் சொல்லாது. சங்கமத்தில், தலக்காட்டில் கன்னடத்தில் கேளுங்கள்: "நீரு ஜாஸ்தி ஆகுத்தா?" அவர் தலையை அசைக்கும் விதத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

தீர்த்தம் என்ற சொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் துறை என்பதே மூலப்பொருள். கடக்கும் வழியை உண்டாக்கித் தந்தவர் என்பதால்தான் எங்கள் அருகரைத் தீர்த்தங்கரர் என்கிறோம். துறை எது, துறை அல்லாதது எது என்று தெரிந்தவருக்கு இந்த நாட்டில் பழங்காலம் தொட்டே அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. இந்த அறிவை வாடகைக்குத் தருகிற ஒருவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கருவியும் டப்பாவும்

மலை இடுக்கில் கைப்பேசிக்கு டவர் கிடைக்காது. ஆனால் ஜி.பி.எஸ். வேலை செய்யும், அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது, சிம் கார்டுக்குச் சம்பந்தமில்லை. வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. இடக்குறியை 12 டிகிரி 07.250 நிமிடம் என்கிற மாதிரி எழுதுவார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் சுமார் 1.85 கிலோமீட்டர். அப்படியானால் புள்ளிக்குப் பின் மூன்றாவது எண்ணில் ஒன்று மாறினால் ஆறடி தள்ளிப்போகும். முதல் எண்ணில் ஒன்று மாறினால் 185 மீட்டர், அதாவது அக்கரைக்கே போய்விடும். பேப்பரில் ஒரு தடவை எழுதிக்கொண்டு போங்கள். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பத்து இருபது மீட்டர் தப்பிக் காட்டுவது சகஜம். கருவி சொல்கிற இடம் தண்ணீருக்கு நடுவே இருந்தால், கருவியை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள். பக்கத்துத் திட்டில் மனிதன் ஒளித்து வைக்கக்கூடிய இடம் எது என்று யோசியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு ஒரு எச்சரிக்கை: செயற்கைக்கோள் வழியே பேசும், செய்தி அனுப்பும் கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். அமெரிக்காவில் மலையேற்றத்துக்குச் சாதாரணமாக எடுத்துப்போகும் சாமான் இங்கே விமான நிலையத்தில் வழக்காகிவிடும். அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

சாமான் நனையாமல் இருக்க விலை கூடிய பைகள் விற்கிறார்கள். தேவையில்லை. அகலவாய் உள்ள, திருகுமூடியில் ரப்பர் வளையம் போட்ட ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். போன், பணம், அடையாள அட்டை எல்லாம் அதற்குள். கவிழ்ந்தாலும் மிதக்கும். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள்: உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கி மேலே ஒரு கல்லை வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் காகிதம் மொறுமொறுவென்று இருந்தால் டப்பா நல்லது. நீங்களே ஒளித்து வைக்கிற டப்பாவுக்கும் இதே சோதனைதான். உள்ளே பேனாவை வைக்காதீர்கள், பென்சில் வையுங்கள். ஈரத்தில் மை ஊறிவிடும். செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் இதற்குள் போடலாம். தின்பண்டம் கூடாது. குரங்கு வரும், எறும்பு வரும், வந்தபின் சாகும்.

எங்கே வைக்கலாம் என்பதில்தான் நம்மவர்கள் கவனம் பற்றாது. நிலத்துக்கு உரியவர் அனுமதி வேண்டும் என்பது விளையாட்டின் விதியே. காவிரியின் இந்தப் பகுதியில் பெரும்பாலான கரை காவிரி வனவிலங்குச் சரணாலயம், 1987-இல் அறிவித்தது. முத்தத்தி, பீமேஸ்வரி, காளிபோரே எல்லாம் அதற்குள் வருகின்றன. 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே தப்பு. ஆற்றில் முதலையும் உண்டு. ஹம்பி, தலக்காட்டுக் கோயில்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கல் இடுக்கில் டப்பாவைச் செருகுவது, கல்வெட்டு தேடி அலைகிற என் போன்றவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வரவழைக்கும் காரியம்.

இதற்கு விளையாட்டிலேயே நல்ல மாற்று இருக்கிறது. டப்பாவே இல்லாத வகை. இடத்தைக் கொடுத்து, அங்கே போனால் மட்டுமே பதில் தெரியக்கூடிய கேள்விகளைக் கேட்பது. பாறை, மண், அருவி இவற்றைப் பற்றிக் கேட்பதற்கு எர்த்கேச் என்று தனிப்பெயர். 2004 முதல் நடக்கிறது. ஒகேனக்கல்லும் தலக்காடும் இதற்கென்றே பிறந்த ஊர்கள். தலக்காட்டு மணல்மேட்டிலிருந்து கோயில் வாசலுக்கு எத்தனை படி இறங்குகிறது? ஒகேனக்கல் பாறைச்சுவரில் பழைய வெள்ளத்தின் கறை தலைக்குமேல் எத்தனை அடியில் நிற்கிறது? பரிசலில் உட்கார்ந்தபடியே பதில் எழுதலாம். திட்டில் இறங்கக்கூட வேண்டாம். காத்திருப்புக் கூலியும் மிச்சம்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆறு தெளிந்திருக்கும், வெயில் தாங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செய்தியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். கோடையில் சில துறைகளில் பரிசல் ஓடும் அளவுக்கே தண்ணீர் இருக்காது. பொங்கல் விடுமுறையில் ஒகேனக்கல் துறையில் கூட்டம் அதிகம். காலை பஸ்ஸில் சீக்கிரம் போய்ச் சேருகிறவர்களுக்கு வரிசை சிறியது, தண்ணீரிலும் காற்று எழுந்திருக்காது. திரும்பும்போது பரிசல்காரர் பரிசலைத் தலையில் சுமந்து பாறை ஏறுகிற தூரத்துக்குத் தனியாகக் கொஞ்சம் கொடுங்கள்; சில்லறையாக வைத்திருந்தால் நல்லது, அங்கே கைப்பேசியில் பணம் அனுப்ப டவர் கிடைக்காது.